ஒத்தப்பனைக் கிணத்துக்கு ஒரு பெட்டி மண்

வாரும், வாரும். கழுதைகளை அந்தப் பனையில கட்டாதேயும், அது ராச்சியத்துப் பனை. இந்தக் கல்லுல கட்டும். ஆமா, செலைதான். எந்தங்கச்சி வீட்டுக்காரன் செலை. சும்மா கட்டும், கழுதைக்கு என்ன தெரியப்போகுது. அவனுக்கும் ஒண்ணும் தெரியாது.

உக்காரும் வே. நெழல் இம்புட்டுதான் இருக்கு, நகந்து உக்காந்தா ரெண்டு பேருக்கும் காணும். உம்ம மொகத்தைப் பாத்தாலே என்ன நெனைக்கீருன்னு தெரியுது. ஏழாத்து ராச்சியத்துக்கும் தாய்க்கிணறு இது, கிணத்துக்காரக் கெழவன் எதுத்தாப்புல உக்காந்திருக்கான், வந்தவனுக்கு ஒரு ஓலைப்பட்டை தண்ணி ஊத்தலையேன்னு நெனைக்கீரு. நெனைக்க வேண்டியதுதான். நானா இருந்தா கேட்டே இருப்பேன். அதுக்கு ஒரு காரணம் இருக்கு. கொஞ்சம் நீளமான காரணம். உமக்கு அவசரம் இல்லையே? அவசரம்னாலும் இந்த உச்சி வெயில்ல எங்க போவீரு.

எம்பேரு கூவலன். உம்ம பேரை அப்புறம் கேட்டுக்கிடுதேன்.

எல்லா எடத்துலயும் ராச்சியம்னா ஆத்தங்கரையிலதான் மொளைக்கும். நெல்லு விளையும், சோறு மிஞ்சும், மிஞ்சின சோத்தைத் தின்னவன் பக்கத்து ஊருக்குச் சண்டைக்குப் போவான். எங்களுக்கு இந்தத் தேரியில வந்துது. செவப்பு மணலைத் தவிர ஒண்ணும் கெடையாது. நேத்து இருந்த மேடு இன்னைக்கு இருக்காது. ஆனா இங்க இருந்து வடக்க நாப்பது நாள் நடந்தாலும், மேக்க மலை வரைக்கும் போனாலும், எல்லாம் இந்தக் கிணத்துக்குக் கட்டுப்பட்ட பூமி. எப்படி வந்துதுன்னு அரண்மனையில கேட்டீருன்னா, எந்தங்கச்சி வீட்டுக்காரன் வாளெடுத்து ஏழு ஆத்தையும் ஜெயிச்சான்னு ராகம் போட்டுப் பாடுவாவ. அவன் பொறந்ததுல இருந்து கணுக்கால் தண்ணியில எறங்கினதில்ல. பயம். 'ஏழாறு கொண்டான்'னு பட்டம் வேற. சின்னதுல நாங்க ஓணான்னு கூப்பிடுவோம். வெயில்ல நின்னு தலையைத் தூக்கித் தூக்கிப் பாப்பான், அதனால.

நடந்ததை நான் சொல்லுதேன், கேளும்.

எங்க முறை ரொம்பச் சாதாரண முறை. இந்தக் கிணத்துல யாரு வந்து கேட்டாலும் தண்ணி உண்டு. எந்த ஊரு, எதுக்கு வந்தேன்னு தாகத்தைக் கேக்கக் கூடாது. குடிச்சவன் வருசா வருசம் ஆவணி ஒண்ணாந் தேதி வந்து கிணத்துக்குள்ள இருந்து ஒரு ஓலைப்பெட்டி மண் அள்ளி வெளிய கொட்டணும். ஆடிக்காத்துல கிணறு பாதி மூடிப் போகும், பாத்துக்கிடும். எங்க ஊரு நாப்பது வீட்டுக்காரன் எம்புட்டுத்தான் அள்ளுவான்? அதுக்குத்தான் அந்த ஏற்பாடு. ஒரே கிணத்துல குடிச்சு மண் அள்ளச் சம்மதிச்சவன் ஒருத்தன் மேல ஒருத்தன் கை ஓங்கக் கூடாது. அம்புட்டுதான் முறை. இதுல ராச்சியம் எங்க இருக்குன்னு கேட்டா எனக்கும் அன்னைக்குத் தெரியாது.

முப்பது வருசம் ஆச்சு. ஒரு ஆடி மாசம். நாணலூர்க்காரன் படை தெரட்டிக்கிட்டு வாழையடிக்காரனை அடிக்கப் போனான். ரெண்டும் ஆத்தங்கரை ஊரு, ரெண்டுக்கும் தலைமுறை தலைமுறையாப் பகை. அறுப்பு நேரம் ஆனா ஒருத்தன் வயலை ஒருத்தன் கொளுத்துவான். வழக்கமான பாதையில போனா தெரிஞ்சிரும்னு தேரிக்குள்ள பூந்து பின்பக்கமாப் போவோம்னு எவனோ புத்திசாலி சொல்லியிருக்கான். ஆடியில. தேரிக்குள்ள. மூணு நாள் காத்துல சுத்திச் சுத்தி, நாலாம் நாள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு இங்க வந்து விழுந்தாவ. ஆயிரத்து அறநூறு பேரு.

ஓணான் அப்ப கருப்பட்டி வித்துக்கிட்டிருந்தான். "மச்சான், பேசாம இரும். பொழுது சாயுமுன்ன எல்லாம் செத்துருவான். வாளையெல்லாம் பொறக்கிக்கிடலாம்"னான். அன்னைக்குக் கிணத்து மொறை என்னுது. நான் தண்ணி எறைக்கத் தோண்டியை எடுத்தேன். நல்ல மனசுன்னு நெனைச்சுக்கிடாதேயும். மொறை என்னுது, கேக்கான், ஊத்துதேன். ஒவ்வொருத்தன் கையிலயும் பட்டையைக் குடுத்து, "குடிச்சா ஆவணியில வந்து ஒரு பெட்டி மண் அள்ளணும், சம்மதமா?"ன்னு கேட்டுக் கேட்டு ஊத்தினேன். அந்த நேரத்துல எவன் வே சம்மதம் இல்லைம்பான்? ராசா மொதக்கொண்டு தலையாட்டினான்.

ஊத்தி முடிக்கல, தகவல் தெரிஞ்சு வாழையடிப் படை தேடிக்கிட்டு வந்துட்டுது. அவனும் ஆடியில, தேரிக்குள்ள. அவனுக்கும் நாக்குத் தொங்குது. அவனுக்கும் ஊத்தினேன். ரெண்டு பகல் ஊத்தினேன் வே. இந்த வலது தோள் அன்னைக்குப் போனதுதான், இன்னும் காதுக்கு மேல கை எழும்பாது. ரெண்டு படையும் குடிச்சு முடிச்சு, மொகத்தைத் தொடைச்சுக்கிட்டு, ஒருத்தனை ஒருத்தன் பாத்துக்கிட்டு நின்னான். அடிக்க முடியாது. ஒரே கிணறு. கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு அவனவன் வீட்டுக்குப் போயிட்டான்.

ஆவணியில வந்தாவ. அதுதான் எனக்கு இன்னும் வெளங்கல. நான் மூணே மூணு பெட்டி எடுத்து வெச்சிருந்தேன். விடிஞ்சு பாத்தா மணல்மேடு பூராவும் தலை. ஏன் வந்தாவன்னு நெனைக்கீரு? சண்டை போடாம இருக்கதுக்கு ரெண்டு ராசாவும் ஒரு சாக்கைத் தேடிக்கிட்டு இருந்திருப்பாவளோ என்னவோ. பெட்டியைக் கை மாத்திக் கை மாத்திக் குடுத்தாவ. சாயங்காலம் சேந்து கஞ்சி குடிச்சாவ. மறு வருசம் மூணாவது ஆத்துக்காரன் வந்து எனக்கும் ஒரு பட்டை ஊத்துன்னான். குடிக்காதவன் தனியா மாட்டிக்கிடுவான்னு பயம். அப்படியே ஏழும் வந்துட்டுது. ஒரு தலை விழல. ஒரு வீடு எரியல.

நான் தோண்டியும் கையுமா நின்னேன். ஓணான் என்ன பண்ணினான்? அள்ளிக் கொட்டின மண்ணு மேல ஏறி நின்னுக்கிட்டான். வாரவன் போறவன் எல்லாம் மேட்டுல நிக்கவனைப் பாத்துக் கும்பிடுதான். வருசா வருசம் மண்ணு ஒசர ஒசர அவனும் ஒசந்தான். அந்தா தெரியுதே அரண்மனை, அது அந்த மண்ணுமேலதான் இருக்கு. எனக்கு அதுல ஒரு வருத்தமும் கெடையாது. எந்தங்கச்சி நல்லா இருந்தாப் போதும்.

ஆனா இந்தச் செலையைப் பாரும். தேரிக்கே தண்ணி வார்த்த ஏழாறு கொண்டானாம். கையில என்ன இருக்கு? பட்டை. ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு நிக்கான். பட்டையை ஏந்துதவன் குடிக்கவன் வே! ஊத்துதவன் கையில தோண்டி இருக்கணும். முப்பது வருசம் ஊத்தினவன் எதுத்தாப்புல உசிரோட இருக்கேன், செதுக்கதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டா என்ன? பிச்சைக்காரன் மாதிரி நிக்கான்னு எங்க வீட்டுக்காரிகிட்டச் சொன்னேன். "ஒம்மளை நிறுத்தலையேன்னு வயித்தெரிச்சல்"னு சொல்லுதா. எனக்கா வயித்தெரிச்சல்?

சரி. விசயத்துக்கு வாரேன்.

ஆளு கூடிப் போச்சு. அதுதான் விசயம். மொதல்ல மூவாயிரம், அப்புறம் பத்தாயிரம், போன ஆவணியில நாப்பதாயிரத்துக்கு மேல. காத்துல வந்து விழுந்த மணலு எம்புட்டு இருக்கும்? காலையில வெயில் ஏறுமுன்ன முடிஞ்சுபோகும். வரிசை அந்தா அந்த மேட்டைத் தாண்டி நிக்கும். மண்ணு இல்ல, போங்கன்னு சொல்ல முடியுமா? மண் அள்ளாதவன் இந்தக் கிணத்துப் பிள்ளை கெடையாது. ஒரு வருசம் ஒரு ஊருக்காரனுக்குப் பெட்டி கெடைக்கலைன்னு, "எங்களை ஒதுக்குதியா"ன்னு வாளை உருவிட்டான். அதனால நான் சொன்னேன், ஆளுக்கு ஒரு பெட்டி, கொறையக் கூடாது, இல்லைன்னா இன்னும் கொஞ்சம் ஆழமா எடுங்கன்னேன். முறைன்னா முறைதானே வே? ஒருத்தனுக்குத் தளத்தினா அப்புறம் எல்லாவனும் கேப்பான்.

எங்க வீட்டுக்காரி சொல்லத்தான் செஞ்சா. "காலிப் பானையைப் போட்டுச் சொரண்டாதிய, ஓட்டை விழுந்துரும்"னா. பொம்பளைக்கு ராச்சிய விசயம் என்ன தெரியும்னு சும்மா இருன்னுட்டேன்.

போன ஆவணி, கடைசிப் பெட்டி. ஒரு ராசாவுக்குக் கொடை பிடிக்கவன், வரிசையில கடைசி ஆளு. அவன் பெட்டியில வெள்ளையா, வழுவழுன்னு, வெண்ணெய் மாதிரி களிமண்ணு வந்துது. இப்படி ஒரு மண்ணை நான் இந்தக் கிணத்துல பாத்ததே இல்ல. எங்க வீட்டுக்காரி அதை வாங்கி அடுப்பு மொழுகினா. அடுப்பு இப்பவும் ஜோரா இருக்கு. மூணாம் நாள் காலையில தோண்டியை விட்டேன், டங்குன்னு சத்தம். எட்டிப் பாத்தா ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. அந்தக் களிமண்ணுதான் அம்புட்டு வருசமும் தண்ணியைக் கீழ எறங்க விடாம ஏந்திக்கிட்டு இருந்திருக்கு. அது எனக்கு எப்படி வே தெரியும்? நான் என்ன தப்புப் பண்ணினேன்? முறையைச் சொன்னேன், அம்புட்டுதானே?

நீரு ஒண்ணும் சொல்லாண்டாம். சும்மா கேட்டேன்.

ஓணான்கிட்டப் போய்ச் சொன்னேன். பல்லக்குல வந்தான், எட்டிப் பாத்தான். "மூடி போட்டு மூடும். நேர்ச்சை, ஆவணி வரைக்கும் தொறக்கக் கூடாதுன்னு சொல்லும். நான் பாத்துக்கிடுதேன்"னுட்டுப் போயிட்டான். நாலு நாள் கழிச்சு அவனோட ஓலைக்காரன் வந்தான். ராச உத்தரவு. யாருக்கு? கிணத்துக்கு. "ஒத்தப்பனைக் கிணறே, வரும் ஆவணி முதல் நாளுக்குள் நீ ஊறக் கடவாய்"ன்னு எழுதியிருக்கு. கிணத்துக்கு நேரா வாசிக்கச் சொன்னான். மூடியைத் தள்ளிட்டு, குனிஞ்சு வாசிச்சேன். கடவாய், கடவாய்னு உள்ள இருந்து கேட்டுது. "கிணறு சம்மதிச்சது"ன்னு ஓலையில எழுதிக்கிட்டு அவன் போயிட்டான்.

கிணறு இதுவரைக்கும் ஊறல.

நாங்க நாப்பது வீடும் என்ன குடிக்கோம்னு கேப்பீரு. கடலோரமாப் போய் மண்ணைக் கையால தோண்டினா ஒரு ஊத்து வரும். நாளுக்கு வீட்டுக்கு அரைப் பானை. கரிப்புன்னா கரிப்பு, வாயில வைக்க முடியாது. ராசாக்களுக்கு அதை ஊத்தினா மொத மடக்குலயே துப்பிருவான். நேத்து மத்தியானத்துக்கு அப்புறம் எனக்கு அதுவும் எறங்கல.

நாளைக்கு ஆவணி ஒண்ணு.

ஏழு ராசாவும் வாராவ. மண் அள்ளதுக்கு முன்னால ராசாமாரு மட்டும் ஆளுக்கு ஒரு பட்டை குடிக்கணும், நான் ஊத்தணும். மத்த சனம் அவனவன் தண்ணியை அவனவனே கொண்டாந்துருவான். மூடியைத் தொறந்து, தோண்டி வெறுமனே மேல வந்துதுன்னு வையும், அந்த நிமிசத்துல இருந்து எவனுக்கும் எவனும் ஒறவு கெடையாது. முப்பது வருசமா கையைக் கட்டிக்கிட்டு இருந்தவனுங்க. அறுப்பு நேரம் வேற வருது. ஓணான் ராச்சியம் போகட்டும் வே, செலை போகட்டும், அது கெடக்கு. எம்மவ தும்பையை நாணலூருலதான் கட்டிக் குடுத்திருக்கேன். வயலுக்கு நடுவுல வீடு. வாழையடிப் பக்கத்துல இருந்து வந்தா ஊருக்கு மொத வீடு அதுதான். கல்யாணத்தப்ப, நல்ல காத்தோட்டமான வீடுன்னு நான்தான் பெருமையடிச்சேன். இப்ப அவளுக்கு ஏழு மாசம்.

எனக்குப் பயமா இருக்கு. ஒம்மகிட்டச் சொல்லுதேன், எங்க வீட்டுக்காரிகிட்டக் கூடச் சொல்லல. ஒரு வருசமா அந்த மூடி மேலயே படுத்துக் கெடக்கேன். நெதமும் காலையில ஒரு கல்லைப் போட்டுப் பாக்கேன், டங்குங்குது.

அதான், நீரு அந்த மேட்டுல எறங்கும்போதே கவனிச்சேன். ஆளைப் பாக்கல. கழுதையைத்தான் பாத்தேன். நடக்கும்போது தோல்பை தளும்புத சத்தம் கேட்டுது. ரெண்டு கழுதை, நாலு பை. கடக்கரைக்குப் போறீரு, அந்தா அந்த மேட்டைத் தாண்டினா அரை நாள் வழி, ஒரு பை உமக்கும் கழுதைக்கும் தாராளமாப் போதும். எங்காளுககிட்ட நான் கேக்க முடியாது. ஒருத்தன் கண்ணுல பட்டா ஊரு ஊராப் போயிரும். நீரு மேல் மலைக்கு அந்தப் பக்கத்து ஆளுன்னு தலைப்பாக்கட்டுலயே தெரிஞ்சுக்கிட்டேன். எங்க ஏழு ஆத்துலயும் சேராத ஆறு. ஒம்மளை ஓணானுக்கும் தெரியாது.

ரெண்டு பை குடும். ஒரு பானையில ஊத்தி, கயித்துல கட்டி, கிணத்துக்குள்ள எறக்கி வெச்சிருவேன். தோண்டியை விட்டு மோந்து எடுத்தா நனைஞ்சு வரும். மேல நிக்கவனுக்கு அம்புட்டு ஆழத்துல என்ன தெரியும்? வெறும் பானையை வெச்சு நாலு தடவை செஞ்சு பாத்துட்டேன். ஏழு ராசா, ஓணான் ஒருத்தன். எட்டுப் பட்டைதான். அப்புறம் மண் அள்ளதைப் பத்திப் புது முறை ஒண்ணு சொல்லணும், அதை இன்னும் யோசிக்கல. உள்ள எறங்காம, கிணத்தைச் சுத்திக் காத்து கொண்டு வந்த மணலை மட்டும் அள்ளுங்கன்னு சொல்லணும். பெட்டி கெடைக்காதவன் தொட்டாப் போதும்னு சொல்லணும். அதை முன்னாலயே சொல்லியிருக்கலாம்.

என்னவே, எந்திரிச்சுட்டீரு?

ஓ, அவுக்கப் போறீரா. அவுரும், அவுரும். அந்த முடிச்சை இழுக்காதேயும், செலை கையில மாட்டியிருக்கு. ரெண்டு கேட்டா மூணை எறக்குதீரு. உமக்கு வழிக்குப் போதுமா? சரி, உம்ம இஷ்டம்.

இது என்ன? எனக்கா? வேண்டாம் வே. வேண்டாம்னா வேண்டாம். நான் ஊத்துதவன், முப்பது வருசமா இன்னொருத்தன் ஊத்தி நான் குடிச்சதில்ல. தோள் வலிச்ச காலத்துலயும் நானே மோந்துதான் குடிப்பேன். கையைத் தள்ளும். ஒதடு வெடிச்சிருக்கது இந்த வெயிலுக்கு.

சரி, குடும்.

ஏயப்பா. என்ன இனிப்பு வே இது! எங்க கிணறு நல்லா இருந்த காலத்துலகூட இப்படி இருந்ததில்ல. இதை வெளியில சொல்லிராதேயும்.

இப்பச் சொல்லும். குடிச்சுட்டேன். உம்ம ஊர் முறை என்ன? எந்த மாசம் வரணும்? எத்தனை பெட்டி?

முறை இல்லையா?

சும்மாவே குடுப்பியளா? வாரவன் போறவன் எல்லாவனுக்குமா? குடிச்சுட்டு அவன் பாட்டுக்குப் போயிருவானா? அப்படின்னா உங்க ஊருல ராச்சியம் எப்படி வே வளரும்?

வளரலையா. சரிதான்.

எனக்கு அப்படிப் பழக்கம் இல்ல. குடிச்சவன் வரணும். நான் மட்டும்னா பரவாயில்ல, நாளைக்கு எட்டுப் பேரு இந்தத் தண்ணியைக் குடிக்கப் போறான். முறைப்படி பாத்தா நாளையில இருந்து ஓணானும் ஏழு ராசாவும் உங்க ஊர் ஆத்துப் பிள்ளைய. அவனுங்களுக்கு அது தெரியப் போறதில்ல, நானும் சொல்லப் போறதில்ல. அதனால ஒண்ணு பண்ணுதேன். எம்மவ பிள்ளை பெத்து எந்திரிச்சதும் தை மாசம் நான் கெளம்பி வாரேன். எட்டுப் பேருக்கு எட்டு, எனக்கு ஒண்ணு. ஒம்போது பெட்டி. தோள் இருக்க லெச்சணத்துக்கு ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு வெச்சுக்கிட்டா, ஒம்போது நாள் உம்ம வீட்டுல தங்க வேண்டியதிருக்கும்.

பெட்டியை நான் கொண்டாந்துருதேன். உங்க ஆத்துல மணல் எங்க சேந்து கெடக்குன்னு நீரு காட்டும். அள்ளும்போது பக்கத்துலயே நில்லும். வெள்ளையா எதுவும் தெரிஞ்சா ஒரு சத்தம் குடும் வே, நிறுத்திருதேன்.